ஏழாம் கிடங்குக்கு இன்னும் ஒரு கோடை

நோவி சாத்,
மார்ச் 11

ராதென்கோ,

போன் செய்யாதே. நேற்று முழுக்க ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தாய். உன் குரலைக் கேட்டால் என் கோபம் தணிந்துவிடும், அதனால்தான் எடுக்கவில்லை. இந்தக் கோபம் தணியக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதும்போது மனிதன் கொஞ்சமாவது யோசிப்பான்.

அந்த அறையில் நடந்ததை நான் பார்த்தபடி எழுதிவிடுகிறேன். நாளாக ஆக நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். ஏழாம் கிடங்கில் இருக்கும் பீரங்கித் தூள் கெட்டுவிட்டது, கோடைக்கு முன் அத்தனையையும் எரித்துவிட வேண்டும், இதை ராணுவத்திடம் இரண்டு பேருமாகச் சொல்வது என்று முடிவு செய்தோம். "நீ பரிசோதனையைச் சொல்லு, நான் கிடங்கைப் பத்திச் சொல்றேன். ரெண்டு வாயும் ஒண்ணாச் சொன்னா தட்ட மாட்டாங்க" என்று சொன்னவன் நீ. உன் தெசா பக்கத்தில் அடுப்படியில் மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டுப் பார், சொல்வாள்.

மறுநாள் கர்னல் முன்னால் நான் சொன்னேன். "இந்தத் தூள் தானாச் சூடேறாம இருக்கறதுக்கு ஒரு காப்பு மருந்து கலந்திருப்பாங்க, கர்னல். வருஷம் போகப் போக அது குறைஞ்சுட்டே வரும். ஏழாம் கிடங்குல அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோச்சு. வெயில் ஏறினா யாரும் தீக்குச்சி உரச வேண்டாம், அதுவே பத்திக்கும்." அவர் உன் பக்கம் திரும்பினார். நம் டைரக்டர் கோஸ்திச்சும் உன்னைத்தான் பார்த்தார். நீ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாய்: "அவங்க எடுத்த பெட்டிங்க எல்லாம் கூரை ஒழுகற மூலைல இருந்தது, கர்னல். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புருஷன் போனதுலேர்ந்து அவங்க கொஞ்சம் எல்லாத்துக்கும் பயப்படறாங்க."

ஏழாம் கிடங்கில் ஒழுகும் மூலை என்று ஒன்று கிடையாது. கூரை மாற்றும்போது மேலே ஏறி நின்று வேலை வாங்கியவன் நீ. எந்தப் பெட்டிகளைத் திறப்பது என்று விரல் நீட்டிக் காட்டியவனும் நீதான்.

அது கூடப் போகட்டும். விளாஸ்தாவை ஏன் இழுத்தாய்? எங்கள் கல்யாணத்தில் தலைக்கு மேல் கிரீடம் பிடித்துச் சாட்சியாக நின்ற கும் நீ; அன்றிலிருந்து நான் உனக்குக் குமா. கூடப்பிறந்தவனைவிட மேல் என்று நம்பித்தானே ஒருவனைக் கும்மாக நிற்கக் கூப்பிடுகிறோம். விளாஸ்தா செத்தபின் அவன் பெயரைச் சொல்லி என்னைப் பைத்தியக்காரி ஆக்க உனக்கு எப்படி வாய் வந்தது?

அன்று மாலையே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன்.

தோப்ரிலா

*

யாவ்ரெனிக்,
மார்ச் 20

என் குமா தோப்ரிலா,

பட்டாளத்திலிருந்து தெசாவுக்கு எழுதியதற்குப் பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. அவளும் அப்போது என் கையெழுத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். நீயும் சிரித்தால் சந்தோஷம்.

அன்று காலை கோஸ்திச் என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினார். "ஏழாம் கிடங்கு கெட்டுப்போச்சுன்னா, இத்தனை வருஷமா நீங்க எதைப் பரிசோதிச்சீங்கன்னு கேப்பாங்க. ராணுவ ஒப்பந்தம் வேற கம்பெனிக்குப் போயிடும். அவன் வெளியூர் ஆளோட வருவான். உன் ஊர்க்காரங்க ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான்" என்றார். யாவ்ரெனிக்கில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கிடங்குகளால்தான் என்பது உனக்குத் தெரியாததா? இங்கே பள்ளிக்கூடத்தை இன்னும் மூடாமல் இருப்பதே அதனால்தான். கோஸ்திச் கை கொடுத்துச் சொன்னார், ஒப்பந்தம் கையில் வந்ததும் இலையுதிர் காலத்தில் சத்தமில்லாமல் அத்தனையையும் எரித்துவிடலாம் என்று. ஒரே ஒரு கோடைதான், தோப்ரிலா. அந்தத் தூள் நம் இரண்டு பேரைவிட வயதானது. எத்தனையோ கோடைகளைத் தாண்டி வந்திருக்கிறது.

உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விளாஸ்தா விஷயம் வாய் தவறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன், உனக்கும் சேர்த்து.

பஸ் டிரைவரிடம் ஒரு டப்பா கைமாக் பாலாடை கொடுத்தனுப்பியிருக்கிறேன். தெசா தன் கையால் செய்தது. புளிப்பதற்குள் வாங்கிக்கொள்.

உன் கும்,
ராதென்கோ

*

நோவி சாத்,
ஏப்ரல் 6

திரு. ராதென்கோ அவர்களுக்கு,

கைமாக்கை அக்கா சாப்பிட்டாள். நன்றாக இருந்ததாம்.

பரிசோதனைக் கூடத்தில் என் நாற்காலியில் இப்போது நெவெனா உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மகள், என் ஞானப்பெண். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதவளை என் தோளில் போட்டுத்தான் சமாதானம் செய்தேன். அவள் ரசாயனம் படித்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் படிப்பு எதற்கு வேண்டியிருந்தது என்பது இப்போது புரிகிறது.

அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் வளர்த்த பிள்ளை, வேறு எப்படி இருப்பாள்?

கல்லறையில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம். என் புருஷனுக்கு நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

தோப்ரிலா

*

யாவ்ரெனிக்,
மே 7

குமா,

"அவர்களுக்கு" என்று போட்டிருந்தாய். தெசாவிடம் காட்டினேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று ஜார்ஜ் புனிதர் நாள், எங்கள் குடும்பத் திருநாள். ரொட்டியை வெட்டும்போது ஒரு பக்கம் வீட்டுக்காரன் பிடிக்க வேண்டும், மறு பக்கம் கும் பிடிக்க வேண்டும். பாதிரியார் சுற்றிப் பார்த்துவிட்டு, "குமா எங்க?" என்றார். நெவெனா, "வேலை, வர முடியல" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே அதுதான் தெரியும். அவளைத் திட்டாதே. பிழை இருந்தால் அது என்னுடையது. வேறு யாரையாவது அங்கே போட்டிருந்தால் இன்னும் மோசம், நம் பெண்ணாவது கவனமாகப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஒப்பந்தம் நமக்கே கிடைத்துவிட்டது. கிடங்குகள் எல்லாவற்றுக்கும் என்னைப் பொறுப்பாளனாக்கியிருக்கிறார்கள். இதை நான் கேட்டு வாங்கவில்லை. அக்டோபரில் ஏழாம் கிடங்கை எரிப்பதாக கோஸ்திச் மறுபடியும் சொன்னார். எரிக்கிற அன்று உன்னைக் கூப்பிடுகிறேன். பக்கத்தில் நின்று பார். அப்புறமாவது என்னோடு பேசு.

ராதென்கோ

*

யாவ்ரெனிக்,
ஜூலை 19

தோப்ரிலா,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை.

இங்கே வெயில் தாங்கவில்லை. மக்காச்சோளம் நின்றபடியே காய்கிறது. ஆற்றில் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நெவெனா ஏழாம் கிடங்குத் தூளைப் பரிசோதித்தாள். நீ சொன்னதேதான். இப்போது அதைவிடக் குறைவு. சாப்பாட்டு மேஜையில் என்னிடம் சொன்னாள். "அப்பா, இதுல மருந்தே இல்ல. நான் ஏதாவது தப்பாச் செஞ்சிருக்கணும், இல்லன்னா இது இங்க இருக்கவே கூடாது." நான், "எந்த மூலைல எடுத்த? அந்த மூலை ஒழுகும். வேற பெட்டில எடுத்துப் பாரு" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை, யோசிக்காமலே வந்துவிட்டது. அவள் வேறு பெட்டியில் எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

கோஸ்திச்சிடம் போனேன். "அக்டோபர்னு சொல்லியிருக்கேனே, நடுவுல எதுக்குப் பதட்டப்படுற?" என்கிறார். நெவெனாவிடம் தூளை எடுத்துப்போக லாரிகள் வரப்போவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். என்னை நம்புகிறாள்.

நான் என்ன செய்யட்டும்?

ராதென்கோ

*

நோவி சாத்,
ஜூலை 23

ராதென்கோ,

இதையா தபாலில் போடுவது? கடிதம் எழுதச் சொன்னவள் நான்தான், ஆனால் இதற்கா?

படித்த உடனே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கிடங்கு வாசலில் இருக்கும் ஆள், "ஐயா கூட்டத்துல இருக்காரு" என்கிறான். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன், ராணுவத்தைக் கேட்கச் சொன்னார்கள். ராணுவத்தில் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். கம்பெனியில் என் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்தாயே, அதன் பலன் இதுதான்.

இந்தக் கடிதத்தை அதே பஸ் டிரைவரிடம் கொடுத்து, உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். நன்றாகக் கேள். கோஸ்திச்சிடம் போகாதே. ஏழாம் கிடங்குப் பக்கம் யாரையும் வேலைக்கு விடாதே. தினமும் கதவடியில் போய் முகர்ந்து பார். மூக்கை அறுக்கிற புளித்த நெடியோ, செம்பழுப்பாகப் புகையோ வந்தால் உள்ளே போகாதே, தண்ணீர் ஊற்றப் பார்க்காதே. அபாயச் சங்கை ஊதிவிட்டு ஊரைக் காலி செய். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோ. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதே.

நெவெனாவை இன்றைக்கே வெளியே அனுப்பு. நான் கேட்டதாகச் சொல்.

தோப்ரிலா

*

மருத்துவமனை,
ஆகஸ்ட் 9

என் குமா,

டிவியில் பார்த்திருப்பாய். இருந்தாலும் நானே சொல்கிறேன்.

எலியா புனிதர் நாளில் நடந்தது. அன்றைக்கு நம் ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் கோயில் மைதானத்தில் இருந்தார்கள், ஆட்டை வாட்டிக்கொண்டிருந்தார்கள். உன் கடிதம் வந்ததிலிருந்து நான் தினம் போய்க்கொண்டிருந்தேன். அன்றும் போனேன். கதவுக்கு அடியிலிருந்து துரு நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், தோப்ரிலா. பிறகு ஓடினேன். சங்கை ஊதினேன். காரை எடுத்துக்கொண்டு ஹாரனை அழுத்தியபடி கோயிலுக்குப் போனேன். "போதை ஏறிடுச்சா, ராதென்கோ?" என்று ஒருவன் கத்தினான். பாதிரியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மணியை அடிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். கிழவிகளை நெவெனா என் காரில் அள்ளிக்கொண்டு போனாள்; நீ சொன்னபடி அவளை நான் முன்பே வெளியே அனுப்பியிருக்கவில்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டோம்.

எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்க்க நான் திரும்பி வந்தேன். அப்போதுதான் வெடித்தது. சத்தம் எனக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடச் சுவர் ஒரு மூச்சு விட்டதைப் போல உப்பி உட்கார்ந்ததுதான் ஞாபகம்.

ஒரு உயிர் கூடப் போகவில்லை. எனக்கு வலது காது போய்விட்டது, இடது காது கேட்கிறது. ஊரில் கூரை உள்ள வீடே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் விளாஸ்தாவின் கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறு கல் வைக்கிறேன்.

பத்திரிகைக்காரர்கள் வந்து என்னைப் படம் பிடித்தார்கள். ஊரைக் காப்பாற்றியவன் என்று போடுகிறார்கள். காப்பாற்றியது உன் கடிதம். நான் சும்மா இருந்துவிட்டேன், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ராதென்கோ

*

நோவி சாத்,
ஆகஸ்ட் 27

ராதென்கோ,

அந்தப் படத்தைப் பார்த்தேன். தலையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாய். அழுதேன், மறைப்பானேன். அத்தனை பேரை நீ வெளியே கொண்டுவந்தாய். அதை உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, நானும் பிடுங்க மாட்டேன்.

ஆனால் அதே பத்திரிகையில் கோஸ்திச் சொல்லியிருப்பதையும் பார்த்தேன். பழைய வேதியியலாளர் கவனமில்லாமல் ஈரப்பட்ட பெட்டிகளில் மாதிரி எடுத்ததால் அவர் சொன்னதை நம்ப வழியில்லாமல் போயிற்று, அதனால் கிடங்கின் உண்மை நிலைமை யாருக்கும் தெரியவில்லை என்கிறார். கர்னலும் கிடங்குக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் முடிவு செய்தாராம். ஜூலையில் இன்னொரு பரிசோதனை நடந்ததாக யாரும் சொல்லவில்லை. யாவ்ரெனிக்கிலிருந்து தெரிந்தவர்கள் போன் செய்து கேட்கிறார்கள், "ஏன் தோப்ரிலா இப்படிப் பண்ணின?" என்று. கூரையில்லாத வீட்டிலிருந்து கேட்கிறார்கள். நான் என்ன சொல்வேன்?

செப்டம்பர் கடைசியில் பெல்கிரேடில் விசாரணை. உன்னை ஊரே கொண்டாடுகிறது. உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் காட்ட மாட்டேன், நீயே வாயால் சொல்ல வேண்டும்; நீ சொன்னால் நம்புவார்கள். ஒழுகும் மூலை கிடையாது என்று சொல். நெவெனாவும் அதையேதான் கண்டுபிடித்தாள் என்று சொல். வேறு எதுவும் வேண்டாம். பழையதையெல்லாம் நான் அங்கேயே விட்டுவிடுகிறேன்.

தோப்ரிலா

*

யாவ்ரெனிக்,
செப்டம்பர் 4

குமா,

சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கோஸ்திச் இங்கே வந்திருந்தார். தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டிய வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார். "நீ வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீதான். ரெண்டாவது உன் பொண்ணு, தெரிஞ்சும் சொல்லலன்னு" என்றார். தெசா காபிக் கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாதி குடித்திருக்கும்போதே.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்கிறேன். நெவெனா தலை மேல் சத்தியம்.

ராதென்கோ

*

நோவி சாத்,
அக்டோபர் 3

ராதென்கோ,

மார்ச்சில் செய்ததுபோல, நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நீ உள்ளே வந்தபோது யாவ்ரெனிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். நாற்காலியில் உட்காரும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாய். அதை நம்பினேன்.

விசாரணை அதிகாரி, "ஏழாம் கிடங்குல கூரை ஒழுகிச்சா?" என்று கேட்டார். நீ காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "மன்னிக்கணும், கேக்கல" என்றாய். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று உரக்கக் கேட்டார். "கேக்கலைங்க. வெடிச்சதுலேர்ந்து இப்படித்தான்." ஜூலையில் பரிசோதனை நடந்ததா என்று கேட்டார். நீ அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு, பாவம் போலச் சிரித்தாய். பின் வரிசையில் யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், விட்டுருங்க அவரை" என்று ஒரு குரல் வந்தது. கோஸ்திச் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உங்கள் இரண்டு பேரில் யார் யோசித்தது?

காகிதத்தில் எழுதிக் கேட்கிறேன் என்று அதிகாரி பேனாவைத் தேடினார். தலை சுற்றுகிறது என்று நீ நெற்றியைப் பிடித்துக்கொண்டாய்.

அப்போது எனக்குப் பின்னால் இருந்த நெவெனா, "அப்பா" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நீ திரும்பினாய்.

அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நெவெனா எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஒழுகற மூலைன்னு ஒண்ணு அங்க இல்ல. ஜூலைல ரெண்டு தடவை நான் பரிசோதிச்சேன். எங்க குமா சொன்னதுதான் வந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன். லாரி வருதுன்னாரு, நம்பினேன். நான் வேற யார்கிட்டயும் சொல்லல, அது என் தப்பு" என்றாள். பிறகு உட்காரத் தெரியாமல் அப்படியே நின்றாள். நான் இழுத்து உட்கார வைத்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் என்னைக் கேட்டாள். "குமா, நீங்களாத்தானே வேலையை விட்டீங்க? உங்க இடத்துக்கு என் பேரை நீங்கதானே சொன்னீங்க? தொந்தரவு பண்ணாத, போன் பண்ணாதன்னு நீங்க சொன்னதா அப்பா சொன்னாரே." மூன்றும் பொய் என்று அவளிடம் சொன்னேன். இத்தனை மாதம் அந்தப் பெண்ணை நான் எப்படியெல்லாம் நினைத்தேன் தெரியுமா? நீ என்னிடம் சொன்ன பொய்யை நான் கண்டுபிடித்திருந்தேன். அவளிடம் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. என் பிள்ளையை எனக்கு எதிரியாக்கி, என்னை அவளுக்கு எதிரியாக்கி, நடுவில் உட்கார்ந்து கைமாக் அனுப்பிக்கொண்டிருந்தாய்.

நீ சிறைக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. போகக் கூடாது என்றும் ஆசைப்படவில்லை. உன்னைப் பற்றி எனக்கு இனி எந்த ஆசையும் இல்லை.

தோப்ரிலா

*

யாவ்ரெனிக்,
அக்டோபர் 15

தோப்ரிலா,

நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றே ஒன்று. யாரும் யோசிக்கவில்லை, கோஸ்திச்சும் இல்லை, நானும் இல்லை. சொல்லத்தான் போனேன். அந்த ஆள் கேட்டதும் வாயில் அது வந்துவிட்டது. நீ நம்ப மாட்டாய்.

கோஸ்திச்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கே போவேன்? கடைக்குப் போனால் சாமானைக் கொடுக்கிறார்கள், பேசுவதில்லை. தெசா அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

நெவெனா போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே துணிகளை எடுத்து வைத்தாள். "எங்கம்மா போற?" என்று கேட்டேன். பெட்டியை மூடினாள். "எனக்கு நிஜமாவே ஒரு காது கேக்காதும்மா" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பஸ்ஸில் வடக்கே போனாள் என்று டிரைவர் சொன்னான். உன்னிடம்தான் வந்திருப்பாள், வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? வந்தாளா என்று மட்டும் சொல். சாப்பிடுகிறாளா, வேலை தேடுகிறாளா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வரி போதும்.

ராதென்கோ

*

நோவி சாத்,
அக்டோபர் 22

ராதென்கோ,

நெவெனா இங்கே இருக்கிறாள்.

இதற்கு மேல் தன்னைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோப்ரிலா